குழந்தை மருத்துவ பிஜிக்களை யார், எப்போது, எப்படிப் பார்த்து மதிப்பிடுகிறோம்?

கிழக்கன்காற்று | பாலக்காடு

எல்லோருக்கும் வணக்கம். வாளையாருக்கு இந்தப் பக்கம் ஒரு பயிற்சி மருத்துவமனையில் பிஜிக்களுக்கு, அதாவது மேற்படிப்பு படிக்கும் டாக்டர்களுக்கு, குழந்தை மருத்துவம் சொல்லிக் கொடுக்கிறேன். கொழிஞ்சாம்பாறை, சித்தூர், மீனாட்சிபுரம் ஆட்களும் மூணாறு ஆட்களும் இந்தக் குழுவில் இருப்பதால் இங்கேயே கேட்கிறேன்.

எம்.டி. மூன்று வருடம். கடைசியில் நாலு தியரி பேப்பர், லாங் கேஸ் (ஒரு நோயாளியை முழுக்க விசாரித்துப் பரிசோதித்துச் சொல்வது), ஷார்ட் கேஸ் (ஒரு பகுதியை மட்டும் பார்ப்பது), ஓஎஸ்சிஇ (பல ஸ்டேஷன்களில் சின்னச் சின்ன வேலைகளைச் செய்து காட்டும் தேர்வு), வைவா (வாய்மொழித் தேர்வு). பாஸ் ஆனவர் கொஞ்ச நாளிலேயே ஏதாவது ஒரு தாலுகா ஆஸ்பத்திரியில் ஒரே குழந்தை மருத்துவராகப் போய் உட்காரலாம். நடுராத்திரியில் லேபர் ரூமிலிருந்து ‘குழந்தை அழவில்லை’ என்று போன் வந்தால் ஓட வேண்டியது அவர் ஒருவர்தான். முதல் நிமிடத்துக்குள் துடைத்து, சூடு கொடுத்து, தலையைச் சரியாக வைத்து, அப்போதும் மூச்சு வரவில்லை என்றால் பேக்-மாஸ்க், அதாவது முகத்தில் மாஸ்க் வைத்துப் பையை அழுத்திக் காற்று கொடுப்பது, தொடங்கியிருக்க வேண்டும். நிமிடத்துக்கு 40 முதல் 60 தடவை. நெஞ்சு எழும்பாவிட்டால் எதை மாற்ற வேண்டும் என்பது யோசிக்காமலே கைக்கு வர வேண்டும். இதை அவர் செய்வார் என்று பட்டம் கொடுத்தவர்களுக்கு எப்படித் தெரிந்தது?

தேர்வுக்கு வருகிற குழந்தைகளை நினைத்துப் பாருங்கள். நெஃப்ராட்டிக் சிண்ட்ரோம், தலசீமியா, இதயத்தில் ஓட்டை, செரிபிரல் பால்சி. காலையிலிருந்து மத்தியானம் வரை நாலு பேர் வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தாலும் தாங்குகிற குழந்தைகள். மூச்சு வாங்கிக்கொண்டு வந்த கைக்குழந்தையையோ ஷாக்கில் இருக்கும் டெங்கு குழந்தையையோ தேர்வுக்கு வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. அதனால் குழந்தைகள் எதில் சாகின்றனவோ அந்தப் பகுதி முழுக்கத் தேர்வுக்கு வெளியே நின்றுவிடுகிறது. ஓஎஸ்சிஇ-யில் ஒரு ஸ்டேஷனில் பொம்மை இருக்கும். ஐந்து நிமிடம், அத்தோடு சரி.

ஜார்ஜ் மில்லர் 1990-ல் நாலு படி சொன்னார்: தெரியும், எப்படி என்று தெரியும், செய்து காட்டுவார், நிஜமாகவே செய்கிறார். நம் தேர்வு மூன்றாம் படியில் நின்றுவிடுகிறது. நாலாம் படியை வார்டில்தான் பார்க்க முடியும். மூன்று வருடமும் அவர்கள் நம் வார்டில்தான் இருக்கிறார்கள். நாம் பார்க்கிறோமா? உங்கள் இடங்களில் என்ன நடக்கிறது என்று மனதைத் திறந்து எழுதுங்கள். ஆஸ்பத்திரிப் பெயர் வேண்டாம்.

பழையடிசிஎச் | கோபாலபுரம்

டாக்டர், நான் டிசிஎச் (குழந்தை மருத்துவ டிப்ளமோ) முடித்து எல்லையில் கிளினிக் வைத்திருப்பவன். தேர்வை இவ்வளவு எளிதாக ஒதுக்கிவிடக் கூடாது.

லாங் கேஸ்தான் என்னை மருத்துவனாக்கியது. ஒரு தாயின் எதிரே உட்கார்ந்து கர்ப்ப காலத்திலிருந்து தொடங்கி, பிறந்த எடை, பால் குடித்த விதம், எப்போது தலை நின்றது, எப்போது உட்கார்ந்தது, தடுப்பூசி, வீட்டில் எத்தனை பேர், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டு, எல்லாவற்றையும் சேர்த்து ஒரு முடிவுக்கு வருவது சாதாரண வேலை இல்லை. இப்போது என்னிடம் வரும் இளம் டாக்டர்கள் சிலர் சிஆர்பி என்ற ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைக் கேட்டுவிட்டுத்தான் குழந்தையின் முகத்தையே பார்க்கிறார்கள். லாங் கேஸை எடுத்துவிட்டால் அந்தக் கொஞ்ச நஞ்சப் பழக்கமும் போய்விடும். வார்டில் நின்று பார்த்து அட்டையில் டிக் அடிப்பதால் சிந்தனை வளராது.

கிழக்கன்காற்று

//லாங் கேஸ்தான் என்னை மருத்துவனாக்கியது//

இதை முழு மனதோடு ஏற்கிறேன் சார். லாங் கேஸ் போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தேர்வில் நடப்பது என்ன? பிஜி தாயோடு உட்கார்ந்து பேசும்போது எக்ஸாமினர் அங்கே இல்லை. பரிசோதனை செய்யும்போதும் இல்லை. எல்லாம் முடிந்த பிறகு வந்து, பிஜி சொல்வதைக் கேட்கிறார். நாம் மதிப்பெண் போடுவது அந்தப் பேச்சுக்கு. நீங்கள் சொன்ன அந்த உட்கார்ந்து கேட்கும் அருமையான வேலையை யாருமே பார்ப்பதில்லை.

ஒரு சின்ன உதாரணம். ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தையின் மூச்சை எண்ணுவது. இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயது வரை 50, அதன்பின் 40. அதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருந்தால் வேகம். வைவாவில் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். கட்டிலருகே நின்று பார்த்தால்தான் தெரியும், பதினைந்து நொடி எண்ணி நாலால் பெருக்குகிறவர்கள் எத்தனை பேர் என்று. பச்சைக் குழந்தை ஒரே சீராக மூச்சு விடாது. சில நொடி நின்று, பிறகு வேகமாக விடும். முழு நிமிடம் எண்ணினால்தான் கணக்கு சரி. அழுகிற குழந்தையை எண்ணுகிறாரா, அம்மா மடியில் பால் குடித்து அமைதியானதும் எண்ணுகிறாரா, சட்டையைத் தூக்கிப் பார்க்கிறாரா, இதெல்லாம் கேஸ் ஷீட்டில் ‘ஆர்ஆர் 48’ என்று எழுதியிருப்பதில் தெரியாது.

இரண்டாமாண்டு | மீனாட்சிபுரம்

சார், நான் பிஜி. எங்கே படிக்கிறேன் என்று சொல்லவில்லை, கேரளா இல்லை.

நீங்கள் கேட்டதற்கு என் பக்கத்துப் பதில்: பார்ப்பதில்லை. நான் செய்த முதல் எல்பி-யை (முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுப்பது) ஒரு சீனியர் பிஜி பார்த்தார். அதற்கப்புறம் யாரும் பார்க்கவில்லை. நான் சரியாகத்தான் செய்கிறேனா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. தண்ணி வந்தது, அவ்வளவுதான் தெரியும். லாக்புக்கில் வருடக் கடைசியில் மொத்தமாகக் கையெழுத்து வாங்குவோம். எல்லாருக்கும் ஒரே பேனா, ஒரே தேதி.

என்னைப் பார்க்கிற ஒரே நேரம் காலை ரவுண்ட்ஸ். அது பார்க்கிறதில்லை, விசாரிக்கிறது. இருபது பேர் முன்னால், குழந்தையோட அம்மா முன்னால். ‘இதுகூடத் தெரியாதா’ என்று ஒரு வார்த்தை. அடுத்த நிமிஷம் அந்த அம்மா என்னை நம்பமாட்டாங்க. பொட்டாசியம் திருத்தம் எவ்வளவு வேகத்தில் போகலாம் என்று சந்தேகம் வந்தால் ராத்திரி மேடத்துக்குப் போன் பண்ண வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும். பண்ணுவதில்லை. பண்ணினால் ‘தைரியம் இல்லாத பிஜி’ என்று பேர் வரும்.

இன்னொன்று தூக்கம். 1992-ல் மத்திய அரசு கொண்டுவந்த ரெசிடென்சி திட்டத்திலேயே, தொடர் டியூட்டி சாதாரணமாக நாளுக்கு 12 மணி நேரம் தாண்டக் கூடாது என்று இருக்கிறது. 2023 பிஜி விதிமுறை ‘நியாயமான நேரம்’ என்று மட்டும் சொல்கிறது. நியாயம் எது என்பதை டியூட்டி ரோஸ்டர் போடுகிறவர் முடிவு செய்கிறார். முந்தின நாள் காலையில் வந்து இன்னும் வீட்டுக்குப் போகாதவளை நிறுத்திப் பார்த்தால் என் திறமையையா அளப்பீர்கள்?

வார்டுசிஸ்டர் | கொழிஞ்சாம்பாறை

டாக்டரம்மா எழுதினதைப் படிச்சு மனசு கனத்துப் போச்சு.

நான் குழந்தைங்க வார்டுல ரொம்ப வருஷம். ஒரு புது பிஜி வந்தா ஒரு மாசத்துக்குள்ள எங்களுக்குத் தெரிஞ்சிடும், இவர்கிட்ட நம்ம பிள்ளையை விடலாமா வேண்டாமான்னு. ஆனா எங்ககிட்ட யாரும் கேட்டதே இல்லை.

நாங்க எதைப் பார்க்கிறோம் தெரியுமா? ஒரு கட்டில்ல இருந்து அடுத்த கட்டிலுக்குப் போகும்போது கை கழுவுறாங்களா. மருந்து எழுதுறதுக்கு முன்னாடி குழந்தையை இன்னைக்கு எடை போட்டாச்சான்னு கேக்குறாங்களா, இல்லை அட்மிஷன் அன்னைக்கு எழுதின எடையையே வச்சுக் கணக்குப் போடுறாங்களா. புள்ளி எங்க வைக்கிறாங்க. குழந்தைக்கு மருந்துல ஒரு புள்ளி தள்ளிப்போனா பத்து மடங்கு. ‘டாக்டர், இது அதிகமா தெரியுதே’ன்னு சொன்னா நின்னு திரும்பக் கணக்குப் பார்க்கிறவங்க இருக்காங்க, முகம் சுளிக்கிறவங்களும் இருக்காங்க. கான்யுலா ரெண்டு தடவை கிடைக்கலைன்னா இன்னொருத்தரைக் கூப்பிடுறாங்களா, இல்லை குழந்தை நீலமாகிற வரைக்கும் குத்திக்கிட்டே இருக்காங்களா.

இது எதுவும் வைவாவுல வராது சார்.

நகரிடிஎன்பி | நகரி, ஆந்திரா

அண்ணா, அக்கா எல்லோருக்கும் வணக்கம். நான் டிஎன்பி என்ற மேற்படிப்பு படிக்கிறேன். எங்கள் ஊரில் வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு. எங்களுடையது சின்ன ஆஸ்பத்திரி, பிஜிக்கள் குறைவு. அதனால் கன்சல்டன்ட் தினமும் என் பக்கத்தில் நின்று பார்க்கிறார். அந்த வகையில் நான் கொடுத்து வைத்தவன். அரிதான கேஸ் பார்க்க முடியாது என்பது உண்மை; அதற்கு வெளியே போஸ்டிங் போகிறோம்.

ஒரு விஷயத்தை எல்லையோரத்து ஆளாக அழுத்திச் சொல்ல வேண்டும். மதிப்பீடு அந்தந்த மண்ணுக்கும் பொருந்த வேண்டும். எங்கள் பக்கம் தேள் கடி அதிகம். உடம்பெல்லாம் வியர்த்து, கைகால் சில்லிட்டு, நாடி தறிகெட்டு ஓடும் குழந்தை வரும். மகாராஷ்டிரத்தின் மகாட் என்ற சிற்றூரிலிருந்து டாக்டர் பவஸ்கர் பிராசோசின் என்ற மருந்தைக் கொண்டு இந்தச் சாவுகளைக் குறைத்துக் காட்டியது உலகம் அறிந்த விஷயம். கிலோவுக்கு 30 மைக்ரோகிராம், வாய் வழியாக. இதைச் சரியான நேரத்தில் கொடுத்து, படுக்க வைத்து, பிரஷர் பார்த்துக்கொண்டே இருக்கத் தெரிந்தவர்தான் எங்கள் பக்கத்துக் குழந்தை மருத்துவர்.

பாம்புக் கடியும் அப்படித்தான். எல்லா மருந்தையும் எடை பார்த்தே போட்டுப் பழகிய பிஜி, விஷமுறிவு மருந்தையும் எடைக்குத் தகுந்தபடி குறைக்கப் பார்ப்பார். குறைக்கக் கூடாது. பாம்பு குழந்தை என்று பார்த்து விஷத்தைக் குறைத்துக் கக்குவதில்லை; பெரியவருக்கு உள்ள அளவேதான் குழந்தைக்கும். 20 நிமிட ரத்த உறைவுப் பரிசோதனைக்குச் சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாய் வேண்டும். பிளாஸ்டிக்கில் எடுத்தால் முடிவு கெட்டுவிடும். எங்கள் சார் இதைக் கேள்வியாகக் கேட்க மாட்டார். ‘குழாய் எங்கே இருக்கிறது, எடுத்து வா’ என்பார். அது இருக்கும் இடம் தெரியாவிட்டால் அன்றைக்கு அந்தப் பாடம் முடியாது.

பொம்மை வாங்கப் பணம் இல்லை என்கிறவர்களுக்கு: வார்டில் யாரோ விட்டுப்போன பிளாஸ்டிக் பொம்மையை வைத்தே ட்ரில் நடத்துகிறோம். சொல்லாமல் கொள்ளாமல் மணி அடிப்பார்கள். பேக் எங்கே, சைஸ் 0 மாஸ்க் எங்கே, 1 எங்கே, ஆக்சிஜன் சிலிண்டரில் முள் எங்கே நிற்கிறது, அட்ரினலினைப் பத்தாயிரத்துக்கு ஒன்று என்று யார் கலக்குகிறார்கள். பிஜி மட்டும் இல்லை, சிஸ்டர், அட்டெண்டர் எல்லோரும் உண்டு. பாதி நாள் பிஜியின் குறை வெளியே வராது, ட்ரேயின் குறைதான் வரும். அதுவும் வரட்டுமே.

தேயிலைக்காடு | மூணாறு

நான் டாக்டர் இல்லை, எஸ்டேட் பள்ளிக்கூடத்து டீச்சர். எழுதலாமா என்று யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

எங்கள் லயத்து (எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீடுகள்) பிள்ளைகளுக்குக் குளிர் காலத்தில் இழுப்பு வரும். மலை இறங்கிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனால் சின்ன வயது டாக்டர் பார்ப்பார். நல்லவராக இருப்பார், சிரித்துப் பேசுவார். ஆனால் வடக்கே எங்கிருந்தோ வந்து படிக்கிறவருக்கு மலையாளமே பாதி, தமிழ் சுத்தமாக வராது. இன்ஹேலரையும் அதில் மாட்டும் ஸ்பேசர் டப்பாவையும் கையில் வைத்துக்கொண்டு மளமளவென்று சொல்வார். அம்மா தலையாட்டுவாள். எங்கள் பெண்கள் டாக்டர் எது சொன்னாலும் தலையாட்டுவார்கள். புரியவில்லை என்று சொல்வது மரியாதைக் குறைவு என்று நினைப்பார்கள். லயத்துக்கு வந்த பிறகு அந்த டப்பாவைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வருவார்கள், ‘டீச்சர், இதை எப்படி மாட்டறது?’ என்று.

ஒரு தடவை ஒரு பெண் டாக்டர் வேறு மாதிரி செய்தார். தான் ஒரு முறை செய்து காட்டிவிட்டு டப்பாவை அம்மாவின் கையில் கொடுத்து ‘இப்போ நீங்க செய்ங்க’ என்றார். அம்மா குலுக்க மறந்தாள். குலுக்கச் சொன்னார். ரெண்டு பஃப்பையும் சேர்த்து அடித்தாள். ஒன்று அடித்து, குழந்தை ஐந்தாறு மூச்சு இழுத்த பிறகு அடுத்தது என்று கை பிடித்துக் காட்டினார். அவருக்கும் தமிழ் கொஞ்சம்தான். ஆனாலும் அந்தப் பிள்ளை அந்த வருடம் மறுபடி அட்மிஷன் ஆகவில்லை. நீங்கள் டாக்டர்களுக்கு மார்க் போடும்போது இதற்கும் போடுவீர்களா?

கிழக்கன்காற்று

டீச்சர், போட வேண்டும். பெற்றோர் எதைப் புரிந்துகொண்டார்கள் என்பதைப் பெற்றோரிடமே கேட்டு எழுத வேண்டும். அகில இந்திய ஒதுக்கீட்டில் எங்கிருந்தும் பிஜி வருவார், அது நல்லதுதான். வந்தவருக்கு முதல் ஆறு மாதத்தில் ஊர்ப் பேச்சைச் சொல்லிக் கொடுப்பது எங்கள் கடமை. பாலக்காட்டின் கிழக்கில் வேலை செய்கிறவருக்கு மலையாளமும் தமிழும் வேண்டும். அட்டப்பாடிக்குப் போனால் இருளர் அம்மாக்கள் பேசுவதும் காதில் ஏற வேண்டும். 2023 விதிமுறைப்படி மூன்று மாதம் மாவட்ட ஆஸ்பத்திரிப் பணி கட்டாயம். அட்டப்பாடியில் சிக்கிள் செல் என்ற பரம்பரை ரத்த நோய் உண்டு. காய்ச்சலும் கைகால் வலியுமாக வரும் குழந்தையிடம் அதை நினைக்காத பிஜியைத் திருத்த வேண்டியவர் அங்கே இருக்கும் டாக்டர். அவருடைய அபிப்ராயம் வருகைச் சான்றிதழோடு நின்றுவிடாமல் எங்களிடம் வந்து சேர வேண்டும்.

இப்போது கருவிகள். புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஓஎஸ்சிஇ-யை டண்டீயில் ஹார்டன் 1975-ல் கொண்டுவந்தார். மினி-செக்ஸ் என்கிற சின்னப் பார்வை முறையை நார்சினியும் கூட்டாளிகளும் 1995-ல் எழுதினார்கள்: நிஜ நோயாளியோடு பிஜி இருக்கும்போது பதினைந்து இருபது நிமிடம் பக்கத்தில் நின்று பார்ப்பது, உடனே சில நிமிடம் தனியாகப் பேசுவது. ஊசி போடுவது போன்ற கை வேலையை இதேபோல் நேரில் பார்த்து மதிப்பிட டாப்ஸ் என்ற முறை. 2005-ல் டென் காட்டே என்ற டச்சுக்காரர் கேள்வியையே மாற்றினார். ‘பத்துக்கு எத்தனை?’ என்பதற்குப் பதில், ‘இந்த வேலையை இவரிடம் எவ்வளவு தூரம் நம்பி ஒப்படைக்கலாம்?’ முதலில் பார்க்க மட்டும், பிறகு நான் பக்கத்தில் நிற்கச் செய்யலாம், பிறகு கூப்பிட்டால் வருகிற தூரத்தில் நான், பிறகு தனியாக, கடைசியில் அவரே இன்னொருவருக்குச் சொல்லிக் கொடுக்கலாம். எனக்கு இந்தக் கேள்விதான் பிடித்திருக்கிறது, ஏனென்றால் சிஸ்டர் ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருப்பது இதைத்தான்.

எனக்குத் தூக்கம் கெடுக்கும் விஷயம் வேறு. ஒரு பிஜி தேறவில்லை என்று நமக்கு இரண்டாம் வருடமே தெரிகிறது. யூனிட்டில் எல்லோருக்கும் தெரியும். யாரும் எழுதுவதில்லை. எழுதினால் ஆதாரம் கேட்பார்கள். ஆதாரம் என்று காட்ட நேரில் பார்த்த ஒரு குறிப்புகூட இருக்காது. பாவம், கடன் வாங்கிப் படிக்கிறார், கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, தீசிஸ் கொடுத்துவிட்டார் என்று ஒவ்வொருவரும் ஒரு காரணம் சொல்லி ‘திருப்திகரம்’ என்று போட்டுவிடுகிறோம். அந்த இரக்கத்தின் விலையை நாம் கொடுப்பதில்லை. அவர் போய்ச் சேரும் ஊரில் ஏதோ ஒரு குழந்தை கொடுக்கிறது. முதல் வருடத்திலேயே பார்த்து, சொல்லி, திருத்த நேரம் கொடுத்திருந்தால் அந்தப் பிஜியும் தேறியிருப்பார். பெரும்பாலோர் தேறுவார்கள். அதனால்தான் சீக்கிரம் பார்க்க வேண்டும் என்கிறேன்.

பழையடிசிஎச்

எக்ஸாமினர் அறையில் இல்லை என்று நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். நானே அதை யோசித்ததில்லை. ஆனால் நேரம்? ஓபி வரிசை வாசல் தாண்டி நிற்கும்போது பேராசிரியர் ஒரு பிஜியின் பக்கத்தில் இருபது நிமிடம் நிற்பாரா?

கிழக்கன்காற்று

முழு இருபது நிமிடம் வேண்டாம் சார். ஒரு துண்டைப் பார்த்தால் போதும். இன்று மூச்சு எண்ணுவது, நாளை வீட்டுக்குப் போகும் தாய்க்கு ஓஆர்எஸ் சொல்வது. ஒருவருக்கு வாரத்தில் ஒன்று. ரவுண்ட்ஸில் எப்படியும் அந்தக் கட்டிலருகே நிற்கத்தான் போகிறோம். கேள்வி கேட்கும் நேரத்தில் கொஞ்சத்தைப் பார்ப்பதற்கு மாற்றுகிறோம். ஒரே ஆள் ஒரே நாளில் பார்த்தால் தப்பாகப் போகலாம். வேறு வேறு ஆட்கள், வேறு வேறு குழந்தைகள் என்று சேர்ந்தால்தான் அதற்கு எடை.

இரண்டாமாண்டு

சார், ஒரு பயம். என்னைப் பார்த்து ‘இன்னும் தனியாக விட முடியாது’ என்று எழுதினால் அது இன்டர்னல் மார்க்கில் போய்ச் சேருமா? சேரும் என்றால் நாங்கள் தெரிந்த வேலையை மட்டும் காட்டுவோம். தெரியாததை ஒளித்துக்கொள்வோம்.

கிழக்கன்காற்று

நியாயமான பயம் அம்மா. நேரில் பார்த்து எழுதும் ஒரு தனி அட்டை மார்க்காக மாறக் கூடாது. அட்டை உங்களுக்கு, அதில் எண் வேண்டாம், ‘இது நன்றாக இருந்தது, அடுத்த தடவை இதை மாற்று’ என்று இரண்டு வரி. ஆறு மாதத்துக்கு ஒரு முறை யூனிட்டில் எல்லோரும் உட்கார்ந்து, மொத்த அட்டைகளையும் முன்னால் வைத்து, எந்த வேலைக்கு எந்தப் படி என்று கூடி முடிவு செய்ய வேண்டும். ஒருவர் கோபத்துக்கோ பிரியத்துக்கோ அங்கே இடம் குறைவு. அந்த முடிவை உங்களிடம் காரணத்தோடு சொல்ல வேண்டும், கதவைச் சாத்திக்கொண்டு, தாய் முன்னால் இல்லை. டியூட்டி முடிந்து தள்ளாடும் நேரத்தில் எழுதிய அட்டை செல்லாது என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். நீங்கள் எழுதியதைப் படித்த பிறகுதான் அது தோன்றியது.

இன்னொன்றும். ராத்திரி போன் பண்ணுவது என் பார்வையில் ஒரு திறமை. எப்போது கூப்பிட வேண்டும் என்று அறிந்தவரைத்தான் நான் தனியாக விடுவேன். கூப்பிடாதவர் எவ்வளவு படித்தவராக இருந்தாலும் விடமாட்டேன். இதை எங்கள் யூனிட் பலகையில் எழுதி, பக்கத்தில் கன்சல்டன்ட் நம்பரும் போட்டு வைக்கப் போகிறோம்.

வார்டுசிஸ்டர்

அப்போ எங்க பேச்சு? பேர் போட்டு எழுதச் சொன்னா எந்த சிஸ்டரும் எழுத மாட்டாங்க. நாளைக்கு அதே டாக்டரோடதான் நைட் பார்க்கணும்.

கிழக்கன்காற்று

பேர் வேண்டாம் சிஸ்டர். பல பேர் சொன்னதைச் சேர்த்து, இன்சார்ஜ் சிஸ்டர் ஒரே தாளாகக் கொடுத்தால் போதும். நீங்கள் மேலே எழுதிய கை கழுவுதல், எடை, புள்ளி, கான்யுலா, அந்த நாலையும் அப்படியே எடுத்துக்கொள்கிறேன், ஒரு வார்த்தை மாற்றாமல். அடுத்த மாதம் முதலாமாண்டு பிஜிக்களோடு தொடங்குகிறோம்: மூச்சு எண்ணுதல், பேக்-மாஸ்க், டீச்சர் சொன்ன ஸ்பேசர், இந்த மூன்று மட்டும். நகரி தம்பி, உங்கள் ட்ரில்லில் யார் யார் எங்கே நிற்பார்கள், யார் எழுதுவார் என்று கொஞ்சம் விரிவாகப் போடுங்கள்.

நகரிடிஎன்பி

இன்று நைட் டியூட்டி அண்ணா. காலையில் ஓவர் கொடுத்துவிட்டு, ட்ரே பட்டியலையும் சேர்த்துப் போடுகிறேன்.